ஞாயிறன்று தாழங்குடாவில் காதணி விழா: இந்தக் காற்றில் சாமியானா நிற்குமா?

வினா: மாசி 13, புதன், மாலை 6.40

நெய்வேலியிலிருந்து எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கடலூரை அடுத்த தாழங்குடாவில், எங்கள் குலதெய்வக் கோயிலில், அக்கா மகளுக்குக் காதணி விழா வைத்திருக்கிறோம். தாய்மாமன் என்பதால் பந்தலும் சாப்பாடும் என் பொறுப்பு. கோயிலுக்கும் கடலுக்கும் இடையில் மணல்மேடு மட்டுமே இருக்கிறது. 150 பேருக்கு மதியப் பந்தி. சனிக்கிழமை முதல் காற்று பலமாக இருக்கும், குளிரும் என்று கைப்பேசிச் செயலி காட்டுகிறது. கூடவே ஒரு மழைத்துளிப் படமும் போட்டிருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கும் மாசியில் இது எப்படி? சாமியானா போடலாமா, கடைசி நேரத்தில் மண்டபம் தேட வேண்டுமா? சனிக்கிழமை குழந்தைகளைப் படகு சவாரிக்கு அழைத்துப் போகலாமா?

மாசி 13, புதன், இரவு 9.55

மண்டபம் தேட வேண்டாம், தம்பி. சாமியானா போடுங்கள், ஆனால் நான்கு பக்கமும் துணி கட்டி மூடுவதாக இருந்தால் போடாதீர்கள். முடிவை முதலில் சொல்லிவிட்டேன், காரணத்துக்குப் பிறகு வருகிறேன். நான் மஞ்சக்குப்பத்தில் 22 ஆண்டுகளாகப் பந்தல் தொழில் செய்பவன். வானிலை படித்தவன் அல்லன். ஆனால் துணியைக் காற்றில் கட்டிப் பிழைப்பவன் காற்றைப் படிக்காமல் இருக்க முடியாது.

இந்த வாரம் நடப்பது இதுதான். வட இந்தியாவில் மேற்கத்திய இடையூறு ஒன்று, அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வரும் குளிர்கால மழைச் சுழற்சி, கடந்து போன பிறகு, அதன் முதுகில் வறண்ட குளிர்காற்றும் உயரழுத்தமும் வந்து உட்காரும். அதே நேரத்தில் தெற்கே குமரிக்கடலையும் இலங்கையையும் ஒட்டி ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் இருந்தால், வடக்கில் மேடு, தெற்கில் பள்ளம் என்று அழுத்தச் சரிவு செங்குத்தாகிவிடும். அந்தச் சரிவில் இறங்கும் காற்று புவிச்சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, நம் கரைக்கு வடகிழக்கிலிருந்து வந்து சேருகிறது. இது மழைக்காலத்து வடகிழக்குக் காற்றின் கடைசி மூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். மழையைத் தை மாதத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து நிற்கிறது.

வெள்ளி மாலையில் தொடங்கி ஞாயிறு காலை வரை, கடற்கரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவிலும் இடையிடையே 45 வரையிலும் வீசும் என்று வரைபடங்களைப் பார்த்து நினைக்கிறேன். ஞாயிறு நண்பகலுக்குள் தணியத் தொடங்கும். பந்தல்காரனுக்கு இதில் முக்கியமான சொல் ‘இடையிடையே’ என்பதுதான். செயலி காட்டுவது சராசரி வேகம். கம்பத்தைப் பிடுங்குவது சராசரி அன்று, அந்த ஒற்றை வீச்சு. 30 கிலோமீட்டருக்குப் போதுமான கயிறு 45-க்கு ஒன்றரை மடங்கு பலமாக இருக்க வேண்டும் என்று உங்கள் பந்தல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மாசி 13, புதன், இரவு 10.20

மழையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அந்தத் துளிப் படத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் கடல்நீர் 27 டிகிரி அளவில் இருக்கும். அதன்மேல் அதைவிடக் குளிர்ந்த காற்று நெடுந்தூரம் ஓடி வரும்போது சிறு மேகங்கள் வரிசை வரிசையாக உண்டாகி, விடியற்காலையில் கரையேறும்போது ஒரு தூறலைச் சிந்திவிட்டுக் கலைந்துவிடும். ஒரு தெருவில் நனைக்கும், அடுத்த தெருவில் கோலம் கலையாது. ‘கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்று தொலைக்காட்சியில் சொல்வார்களே, அந்தச் சொற்றொடரைக் கேட்டதும் என் மனைவி காய்ந்த துணிகளைக்கூட ஒருமுறை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். பத்தில் எட்டு முறை வீண்வேலைதான்.

மாசி 14, வியாழன், காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பொறியியல் படிக்கும் என் மகள் இதைப் படித்துவிட்டுக் காலையில் காபியோடு வந்து திருத்தினாள். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை ஒன்றரை மடங்கு ஆகாது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும், ஆகவே 2.25 மடங்கு. 36 அடி நீளமும் 7 அடி உயரமும் உள்ள ஒரு பக்கத்துணியை அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 30 கிலோமீட்டர் காற்றில் அந்தத் துணியின் மீது ஏறத்தாழ 100 கிலோ எடை சாய்வதற்கு ஒப்பான தள்ளல் இருக்கும். 45-இல் அதே துணியின் மீது ஏறத்தாழ 230 கிலோ. மூன்று ஆட்கள் ஒரேயடியாகப் பாய்ந்து மோதுவது போல.

இதே கணக்கில், கடலூரில் யாரும் எதற்கும் இழுக்கும் தானே புயலையும் அவள் விட்டுவைக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று 140 கிலோமீட்டர் வரை வீசியது. அது 35 கிலோமீட்டர் காற்றின் நான்கு மடங்கு வேகம். விசையோ பதினாறு மடங்கு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏன் வேரோடு போயின என்பது அந்தப் பதினாறில் இருக்கிறது. 22 ஆண்டுகளாகக் கைக்குத் தெரிந்திருந்ததை இவ்வளவு தாமதமாகக் காகிதத்தில் பார்ப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மாசி 14, வியாழன், நண்பகல் 1.30

‘மாசியில் எப்படிக் குளிரும்’ என்ற கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. பழைய ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் நம் கரையில் சித்திரையை இளவேனில் என்று சொன்னால், வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேம்பு தளிர்க்கத் தொடங்கி, காலை இதமாகவும் வெளிச்சம் கூர்மையாகவும் இருக்கும் காலம் இங்கே மாசிதான். என்னைக் கேட்டால், கடலூருக்கு இளவேனில் என்பது மாசியில் ஒரு மூன்று வாரம்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழியை இங்கே ஓர் அன்பர் எடுத்துப் போட்டு, ஆகையால் ஞாயிறு விடியலில் பந்தலே நனைந்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார். பழமொழி சரி, இந்த வாரத்துக்குப் பொருந்தாது. பனி இறங்குவதற்குத் தெளிந்த வானமும் அசையாத காற்றும் வேண்டும். தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து நீராக இறங்கும். காற்று வீசிக்கொண்டே இருந்தால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துகொண்டே இருக்கும். தரை அவ்வளவு குளிராது, பனியும் பிடிக்காது. ஆகவே ஒரு வேடிக்கை நடக்கும். போன வாரம் அமைதியான இரவுகளில் என் வீட்டு வெப்பமானி 20 டிகிரி வரை இறங்கியது. இந்த வார இறுதியில் 22-க்குக் கீழே போகாது என்று எதிர்பார்க்கிறேன். ஆனாலும் எல்லோரும் இந்த வாரம்தான் குளிர் அதிகம் என்பார்கள். தோலில் உள்ள ஈரத்தைக் காற்று ஓயாமல் எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். நனைந்த தலையோடு, மொட்டையடித்த குழந்தையைக் கடற்கரையில் தூக்கி நிறுத்தினால் அதற்குக் குளிராமல் என்ன செய்யும்? கம்பளிச் சட்டை தேவையில்லை. காதை மூடும் ஒரு துண்டு போதும். காது குத்திய பிறகு அந்தத் துண்டு உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி 14, வியாழன், இரவு 9.05

பக்கத்துணி வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு என் சொந்தத் தவறு ஒன்று காரணம். பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். இதே மாசி, இதே வடகிழக்குக் காற்று; தேவனாம்பட்டினத்துக்கு அருகே ஒரு நிச்சயதார்த்தம். காற்றில் இலை பறக்கிறது, கிழக்குப் பக்கத்தை மூடுங்கள் என்று வீட்டார் கேட்டார்கள். எனக்கு மனமில்லை, ஆனாலும் பெரியவர் ஒருவர் இரண்டாம் முறை கேட்டபோது மறுக்கக் கூச்சப்பட்டுக் கட்டிவிட்டேன். கிழக்கை மூடியதும், வடக்கே திறந்திருந்த வழியாக நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து தூக்கத் தொடங்கியது. சாமியானா ஒரு பெரிய பூரியைப் போல உப்பியது. அது விழும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். அது விழவில்லை, எழுந்தது. இரண்டு சவுக்குக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, சாம்பார் அண்டாவின் மேல் போய்ப் படுத்தது. யாருக்கும் காயமில்லை என்பது என் திறமையினால் அன்று, பந்தி அப்போதுதான் எழுந்திருந்தது என்பதனால். அந்தப் பெரியவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றிருக்காது.

அடுத்த வாரமே கையில் பிடித்து அளக்கும் காற்றுமானி ஒன்றை வாங்கினேன். தொழிலாளர்கள் அதைப் ‘பொம்மைக் காற்றாடி’ என்று கேலி செய்கிறார்கள்.

மாசி 15, வெள்ளி, காலை 7.00

நேற்று நான் எழுதியதில் மணலைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று காரைக்காலிலிருந்து ஒரு தொழில்நண்பர் சுட்டியிருக்கிறார், நியாயம். கடற்கரை மணலில் இரும்பு முளையை எவ்வளவு ஆழம் அடித்தாலும், கயிறு ஆடஆட அது வெண்ணெயில் செருகிய கத்தி போல வழிவிட்டுவிடும். நாங்கள் செய்வது இது: 40 கிலோ மணல்மூட்டையைக் குறுக்காகக் கயிற்றில் கட்டி, இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றி மிதித்துவிடுவோம். காற்று வரும் வடகிழக்கு மூலைக்கு இரண்டு மூட்டைகள். கயிற்றை மிகக் குத்தாக இழுக்காமல் நன்றாகச் சாய்த்துக் கட்டவேண்டும். கூரையின் வடகிழக்கு ஓரத்தை ஓர் அடி தாழ்த்திவிட்டால் காற்று அடியில் நுழைவதற்குப் பதிலாக மேலே ஏறிப் போய்விடும்.

படகைப் பற்றி. சோனாங்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மீனவர் அண்ணன் ஒருவரிடம் நேற்று மாலை கேட்டேன். அவர் காற்றின் வேகத்தைக் கேட்கவே இல்லை. நீரோட்டத்தைப் பற்றித்தான் பேசினார். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். மாசி வாக்கில் திரும்பி வடக்கு நோக்கி ஏறத் தொடங்கிவிடும். நீர் வடக்கே ஏற, வாடையோ எதிரே தெற்கு நோக்கி இறங்க, இரண்டும் மோதும் இடத்தில் அலைகள் நெருங்கி நெருங்கிச் செங்குத்தாக எழும். மார்கழியில் இதே வேகக் காற்றில் சமாளித்த பைபர் படகு, மாசியில் தூக்கித் தூக்கிப் போடும் என்கிறார். நாட்டுக்கு எவ்வளவோ எச்சரிக்கை மாதிரிகள் வந்துவிட்டன. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தை நாள்தோறும் அறிவிக்கிறது. அதை அவரும் கைப்பேசியில் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் கடலோரத்தில் நின்று நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பார்க்கிறார்.

உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், சனிக்கிழமை திறந்த நீர்ப்பரப்பு வேண்டாம். சுண்ணாம்பாற்றில் ஆற்றுக்குள் சுற்றும் வரை ஒன்றுமில்லை. முகத்துவாரத்தை நெருங்கும்போது குழந்தைகள் நனைவார்கள், பெரியவர்கள் திட்டுவார்கள். பிச்சாவரம் பரவாயில்லை. சுரபுன்னைக்காட்டின் குறுகிய கால்வாய்க்குள் நுழைந்துவிட்டால் வெளியே காற்று அடிக்கிறது என்பதே தெரியாது. நெய்வேலியிலிருந்து வருகிற உங்களுக்கு அது சிதம்பரம் வழியாகத் தனிப் பயணம் ஆகிவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாசி 15, வெள்ளி, நண்பகல் 2.10

உறவினர்களின் வாட்சப் குழுவில் கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய படம் சுற்றுகிறது என்று தம்பி கேட்டிருக்கிறார். படத்தில் எல்லோரும் குடை பிடித்திருக்கிறார்கள். இன்று வானம் துடைத்துவைத்த பாத்திரம் போல இருக்கிறது. பழைய படம்.

மாசி 15, வெள்ளி, இரவு 10.30

காற்று தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் பூவரச இலைகள் ஓயாமல் சலசலக்கின்றன.

அடுப்பு எங்கே வைப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது. உங்கள் அப்பத்தா அக்னி மூலையில்தான் வைக்கவேண்டும் என்கிறார், அதாவது தென்கிழக்கில். அவரை நான் மறுக்க மாட்டேன், காற்று மறுக்கும். காலையில் வடகிழக்கிலிருந்து வீசும்போது தென்கிழக்கு மூலையின் புகை தென்மேற்கு நோக்கிப் போகும், பந்தியின் தெற்கு ஓரத்தைத்தான் தொடும். ஆனால் பத்து, பதினொரு மணிக்கு மேல் தரை சூடேறி, கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது திசை மெல்ல வளைந்து கிழக்காகிவிடும். அப்போது அது கொண்டல். அக்னி மூலைப் புகை முழுவதும் நேராகப் பந்திக்குள் வரும். பாயசம் பரிமாறும்போது ஆனந்தக் கண்ணீர் என்று சமாளிக்கவேண்டியதுதான். தென்மேற்கு மூலையில் அடுப்பு வைத்தால் இரண்டு காற்றுக்கும் புகை பந்தலுக்கு வெளியே போகும். கேஸ் அடுப்பாக இருந்தால் மூன்று பக்கம் தகரத் தடுப்பு வையுங்கள். காற்றில் சுடர் சாய்ந்தால் அரை மணி நேரச் சாதம் முக்கால் மணி ஆகும், எரிவாயுவும் வீணாகும்.

வைத்திக்குப்பத்திலிருந்து எழுதும் அண்ணன், ‘இவர் பந்தல்காரரா, வாஸ்து நிபுணரா?’ என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த வாஸ்து புகை போகும் வழி ஒன்றுதான், அண்ணே.

மாசி 16, சனி, மாலை 4.40

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரிக்காக வருகிற செவ்வாய்க்குள் மூன்று பந்தல்கள் போட வேண்டியிருக்கிறது. இடம் பார்க்கப் போனவன் காற்றுமானியையும் கொண்டுபோயிருந்தேன். மாலை 3 மணிக்கு மணல்மேல் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து ஐந்து நிமிடம் அளந்ததில் சராசரி 31, உச்சம் 43. அலைத்தலைகளில் எங்கு பார்த்தாலும் வெண்ணுரை. 1805-இல் பியூஃபோர்ட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி வகுத்த காற்றளவைப்படி இது ஐந்தாம் படி, அதாவது 29 முதல் 38 வரை. அவர் கருவி எதுவும் இல்லாமல், கப்பல் எவ்வளவு பாய் விரித்துத் தாங்குகிறது என்பதைப் பார்த்தே காற்றைத் தரம்பிரித்தவர். கடலின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வழி பின்னால் சேர்ந்தது. நம் ஆட்களும் கடலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள், எண் மட்டும் போடுவதில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் அளந்தேன். சராசரி 15, உச்சம் 33. இதைக் கவனியுங்கள். நகரத்துக்குள் சராசரி பாதியாகிவிட்டது; உச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை. கடலின் மேல் தடையில்லாமல் வரும் காற்று ஒரே சீராக இருக்கும். வீடும் மரமும் அதைக் கிழித்துக் கிழித்து விடுவதால் ஊருக்குள் ஒரு கணம் ஒன்றுமில்லை, அடுத்த கணம் ஓர் அறை. கடற்கரையில் பந்தல் போடுவதற்குப் பயந்து ஊருக்குள் தெருவில் போடுபவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை. செயலிகளின் கணக்கும் இங்கேதான் தடுமாறுகிறது. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் சிறந்த மாதிரிகளில் ஒன்றுக்கே ஒரு கட்டம் ஒன்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. தாழங்குடா மணலும் என் மாடியும் அதற்கு ஒரே இடம். போதாக்குறைக்கு அது சொல்வது 10 மீட்டர் உயரத்துக் காற்று, நாம் சாப்பிடுவது தரையில் உட்கார்ந்து.

உச்சம் 45 என்று புதனன்று சொன்னேன், 43 வந்தது. இதை என் மகளிடம் சொன்னபோது, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உச்சம் என்று சொல்லக்கூடாது என்றாள்.

மாசி 16, சனி, இரவு 8.45

முக்கியமான திருத்தம். ஞாயிறு நண்பகலுக்குள் தணியும் என்று எழுதியிருந்தேன். அது தவறாகப் போகிறது. தெற்கே உள்ள பள்ளம் நான் நினைத்த வேகத்தில் விலகவில்லை. இன்று மாலை வரைபடங்களில் சமஅழுத்தக் கோடுகள் நாளை இரவு வரை நெருக்கமாகவே இருக்கின்றன; கோடுகள் நெருங்கினால் காற்று பலம் என்று பொருள். நாளை காலை 6 முதல் 9 வரை ஓரளவு குறைவாகவும், நண்பகல் 12 முதல் 3 வரை இன்றைய அளவிலும் அதற்குச் சற்று மேலும் வீசும். கடற்காற்று கூடிச் சேரும் நேரமும் உங்கள் பந்தி நேரமும் ஒன்றாக இருக்கின்றன. பந்தியை 11 மணிக்கே தொடங்க முடியுமா என்று பாருங்கள். இரண்டாம் பந்தி 12-க்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது. வாழையிலையின் நுனியில் தண்ணீர் டம்ளரை வையுங்கள். காகித டம்ளர் எனில் வைத்தும் பயனில்லை.

புதுச்சேரியிலிருந்து இருசக்கர வண்டியில் வருபவர்களுக்கும் ஒரு சொல். அரியாங்குப்பம், தவளக்குப்பம் வரை வீடுகளின் மறைவில் ஒன்றும் தெரியாது. பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் இடப்பக்கத்திலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளும். முன்னால் குழந்தையையும் பின்னால் சீர்த்தட்டையும் வைத்துக்கொண்டு வருபவர்கள் பாலத்தில் வேகத்தைக் குறைக்கவேண்டும். திரும்பும்போது எதிர்க்காற்று, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆபத்து குறைவு.

ஃபிளெக்ஸ் பலகை வைத்திருந்தால் இன்றிரவே கழற்றிவிடுங்கள். காற்றுக்கு வழிவிடாத ஒரு பாய்மரம் அது.

மாசி 16, சனி, இரவு 8.58

இடப்பக்கம் என்று எழுதியது சரிதான். வடக்கிலிருந்து தெற்கே வரும்போது கிழக்கு இடப்புறம். ஒருவர் கேட்டதனால் மொட்டைமாடியில் நின்று கையை நீட்டிச் சரிபார்த்தேன்.

மாசி 17, ஞாயிறு, காலை 5.50

வெப்பமானி 22.5. வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கை உலர்ந்திருக்கிறது, பனியே இல்லை. பழமொழி அன்பர் எழுந்ததும் பார்ப்பார். காற்று ஊருக்குள் தூங்குகிறது. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் ஆள் தொலைபேசியில் பேசினால் பின்னணியில் ஒரே இரைச்சல். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் தூறியதாம், மணலில் புள்ளி வைத்ததோடு சரி. பௌர்ணமி நெருங்குவதால் ஏற்றம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நம் கரையில் ஏற்ற இறக்க வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், வடகிழக்குக் காற்று நீரைக் கரையோடு நெருக்குவதால் அலை வழக்கத்தைவிட மேலேறி நனைக்கும். செருப்புகளை மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் விடச் சொல்லுங்கள்.

மாசி 18, திங்கள், இரவு 9.30

தம்பி விரிவாக எழுதியிருக்கிறார், நிம்மதி. சாமியானா நின்றது. வடகிழக்கு மூலையில் இரண்டு மூட்டைகள் புதைத்திருந்தும், பகல் ஒன்றரை மணிக்கு வந்த ஒரு வீச்சில் தென்மேற்கு மூலைக் கம்பம் அரை அடி பெயர்ந்ததாம். அது நான் யோசிக்காத மூலை. கூரை மேலே இழுக்கப்படும்போது காற்றுப்புறத்தைவிட எதிர்ப்புறக் கயிறுதான் முதலில் தளர்ந்து, பிறகு திடீரென்று வெட்டி இழுக்கப்படுகிறது என்று இப்போது தோன்றுகிறது. அந்த மூலைக்கும் மூட்டை சொல்லியிருக்கவேண்டும். நாளைய மூன்று பந்தல்களுக்கும் நான்கு மூலையிலும் இரட்டை மூட்டை போடச் சொல்லிவிட்டேன். தொழிலாளர்கள் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பியின் பெயரை விசாரித்தார்கள்.

பந்தி 11.15-க்குத் தொடங்கி, கடைசி இலை ஒன்றேகாலுக்கு எடுத்தார்களாம். அடுப்பு தென்மேற்கில் எரிந்தது. அக்னி மூலையில் அப்பத்தா ஒரு அகல்விளக்கை ஏற்றி வைத்தார், காற்று நான்கு முறை அணைத்தது, நான்கு முறையும் ஏற்றினார். ஐந்தாம் முறை யாரோ பேரன் ஒரு தகர டப்பாவை வெட்டிச் சுற்றி வைத்தானாம். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து அழுததைக் காட்டிலும், தன் துண்டு பறந்துபோனதற்குத்தான் அதிகம் அழுதது.

இன்று மாலை தேவனாம்பட்டினத்தில் அளந்ததில் சராசரி 17, திசை தென்கிழக்கு. கடல் வெண்ணுரை இல்லாமல் வெறும் தகடாகக் கிடக்கிறது. சோனாங்குப்பத்து அண்ணன் நேற்று முன்தினம் ஏற்றிவைத்த படகை இன்று விடியலில் இறக்கிவிட்டார். இன்னும் ஆறேழு வாரத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிடும், ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள். பைபர் படகுக்காரர்களுக்கு அது இல்லை என்றாலும், அவர் இப்போதே நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டார். நாளை தீர்த்தவாரிக்குக் காலை 6 மணியிலிருந்து கூட்டம் இருக்கும். காற்று தென்கிழக்கிலேயே நின்றால் பந்தல்களின் தெற்குப் பக்கத்தைத் தாழ்த்தவேண்டும், வடகிழக்குக்குத் திரும்பினால் பழையபடி. நான்கு மணிக்கு எழுந்து பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இறுக்குவேன்.